சம்பளமா, படத்துக்கு இவ்வளவு என்றா, சொந்தப் புத்தகமா? ஃபேன்டசி ஆட்ட ஓவியர் முன்னால் உள்ள வழிகள்

டிராகனும் மந்திரவாதியும் வரைந்து பிழைக்க முடியுமா என்றால், முடியும். எந்த வழியில் பிழைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் போன்ற மேசை ஆட்டங்களின் விதிநூல்கள் படங்களை நம்பி நிற்பவை. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேச்சாலேயே கதையை நகர்த்தும் விளையாட்டு அது. அந்த உலகம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குக் காட்டுபவர் ஓவியர் மட்டுமே. ஆகவே படத்துக்குத் தேவை குறையவில்லை. ஆனால் ஒரே படத்தை நான்கு விதமாக விற்கலாம். நான்கிலும் கைக்கு வரும் பணமும், படம் போனபின் கையில் மிஞ்சும் உரிமையும் வேறு வேறு.

நான்கு வழிகள் இவை: ஸ்டுடியோவில் மாதச் சம்பளம், பதிப்பாளருக்குப் படம் படமாக வரைந்து கொடுப்பது, உரிமையை வைத்துக்கொண்டு பலருக்கு உரிமம் விடுவது, சொந்த உலகத்தைச் சொந்தப் புத்தகமாகக் கொண்டுவருவது. கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்து இவற்றை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கே வருவோம். மணிக்கு எவ்வளவு தேறுகிறது, பதிப்புரிமை யாரிடம், அசல் ஓவியம் என்று ஒன்று மிஞ்சுகிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளம்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறு நகரில் இருந்த, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் லாரி எல்மோர், ஜெஃப் ஈஸ்லி, கீத் பார்கின்சன், கிளைட் கால்டுவெல் ஆகியோரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் அட்டைப்படங்கள் தீட்டினார்கள். 1983ஆம் ஆண்டு வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் (தொடக்கநிலை) தொகுப்பின் அட்டையில் உள்ள சிவப்பு டிராகன் எல்மோர் வரைந்தது. இந்தத் தொழிலைப் பற்றிப் பலர் மனதில் இருக்கும் சித்திரம் இன்றும் இதுதான். ஆனால் எல்மோரே 1987இல் வேலையை விட்டுத் தனியாகப் போய்விட்டார். 1997இல் டிஎஸ்ஆரை, மேஜிக் த கேதரிங் சீட்டாட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1999இல் விசார்ட்ஸைப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. அப்படிப்பட்ட ஓவியர் அறை இன்று ஆட்டப் பதிப்பகங்களில் அநேகமாகக் கிடையாது. சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் படங்களுக்கு ஆள் தேர்ந்து மேற்பார்க்கும் ஆர்ட் டைரக்டர்களும் பக்க வடிவமைப்பாளர்களும். படங்கள் வெளியாட்களிடம் போகின்றன.

எனவே இன்று சம்பளம் என்றால் பெரும்பாலும் வீடியோ கேம் ஸ்டுடியோவில் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் வேலை, அதாவது ஆட்டத்தின் பாத்திரங்களும் இடங்களும் எப்படித் தோன்றும் என்று முதலில் வரைந்து காட்டுவது. இந்தியாவில் 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் (2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கியது), குர்கானின் லக்ஷ்யா டிஜிட்டல் போன்ற இடங்கள் இந்த வேலையை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் செய்து பெயர் எடுத்தவை. முதல் தேதி பணம் வரும், மூத்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், கை வேகம் கூடும். இந்த மூன்றையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

குறைகள் இரண்டு. வரைந்தது எதுவும் ஆட்டம் வெளியாகும்வரை போர்ட்ஃபோலியோவில் வைக்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு வெளியே தெரியாமலே கிடக்கலாம், ஆட்டம் ரத்தானால் ஒருபோதும் தெரியாது. இரண்டாவது, வேலை ஒப்பந்தத்தின் சிறு எழுத்து. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக வரைந்ததற்கு முதலாளியே முதல் உரிமையாளர். வீட்டில் ராத்திரி வரைந்தது உங்களுடையதுதான், ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு எதிராக ஒரு வரி இல்லாதவரை. ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சம்பளம் நிரந்தரம் என்பதும் பழைய நம்பிக்கை. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வீட்டுக்கு அனுப்பியது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழுவில் இருந்தவர்களும் அதில் அடக்கம்.

படம் படமாகப் பதிப்பாளருக்கு

இந்தத் துறையின் முதுகெலும்பு இந்த வழிதான். கட்டணம் பக்க அளவில் பேசப்படும். சிறிய, நடுத்தரப் பதிப்பாளர்களிடம் வண்ணப் படத்துக்குப் பொதுவாகக் கேட்கக் கிடைக்கும் வரம்பு இது: கால் பக்கம் 50 முதல் 100 டாலர், அரைப் பக்கம் 100 முதல் 200, முழுப் பக்கம் 200 முதல் 400, அட்டை 500இலிருந்து 1,500வரை. பெரிய நிறுவனங்கள் இதற்கு மேலே. மேஜிக் த கேதரிங் சீட்டு ஓவியம் அந்த ஏணியின் உச்சியில் இருப்பது. தீப்பெட்டி அகலத்தில் அச்சாகும் படத்துக்கு, விதிநூலின் முழுப் பக்கத்தைவிடப் பல மடங்கு.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் முழுப் பக்கமும் அட்டையும்தான் லாபம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 டாலருக்கு ஓர் அரைப் பக்கம். பிரீஃப் (என்ன வரைய வேண்டும் என்ற பதிப்பாளர் குறிப்பு) சொல்வது: வெள்ளம் புகுந்த பாழடைந்த கோயிலில் ஐந்து வீரர்கள் ஹைட்ரா என்ற பலதலைப் பாம்போடு சண்டை. குறிப்புப் படம் திரட்ட 3 மணி நேரம், தம்ப்நெயில் (கட்டமைப்பை முடிவுசெய்யும் சின்னக் கோட்டு மாதிரி) 3, ஸ்கெட்சும் திருத்தமும் 5, தீட்டி முடிக்க 16, கடைசித் திருத்தமும் கோப்புத் தயாரிப்பும் 2, மெயில், பில் என்று 1. மொத்தம் 30 மணி நேரம். மணிக்கு 5 டாலர். இப்போது 75 டாலருக்குக் கால் பக்கம், பின்னணி இல்லாமல் ஒற்றைப் பாத்திரம். ஏழு மணி நேரத்தில் முடியும், மணிக்கு 10 டாலருக்கு மேல். 40 டாலருக்கு ஒரு மந்திர வாளும் உறையும் என்றால் மூன்று மணி நேரம், மணிக்கு 13.

ஆக, பிழைப்பு நடப்பது கால் பக்கங்களிலும் பொருள் படங்களிலும். நேரத்தைத் தின்பது பரப்பளவு கிடையாது, உருவங்களின் எண்ணிக்கை. ஐந்து முகம், பத்துக் கை, ஐந்து விதக் கவசம், அத்தனைக்கும் ஒரே திசை வெளிச்சம். இதனால் அனுபவசாலிகள் கட்டணத்தை உருவக் கணக்கில் பேசுவார்கள்: அரைப் பக்கத்துக்கு இரண்டு உருவம்வரை இந்தத் தொகை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கூடுதல். பணம் ஏறாது என்று பதிப்பாளர் சொன்னால், மூன்று பேரை நிழலுருவாகப் பின்னால் தள்ளும் தம்ப்நெயிலை முதலில் அனுப்பலாம். ஆர்ட் டைரக்டர்கள் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுப்பார்கள், படமும் தெளிவாக அமையும்.

வேலை நடக்கும் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரீஃப் வரும், மூன்று முதல் ஐந்து தம்ப்நெயில் போகும், ஒன்று தேறும், ஸ்கெட்ச், வண்ண மாதிரி, இறுதிப் படம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் அடுத்ததற்குப் போவதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய தப்பு. ஸ்கெட்சில் வாளை இடக்கைக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. தீட்டி முடித்தபின் அது ஒரு நாள். ஒப்பந்தத்தில் ‘ஸ்கெட்ச் கட்டத்தில் இரண்டு திருத்தம், இறுதியில் ஒரு சிறு திருத்தம், அதற்கு மேல் மணிக் கணக்கில்’ என்று இருந்தால் இரு பக்கமும் நிம்மதி.

அச்சுப் பக்கத்தில் கெடும் இடங்களும் தெரிந்தவைதான். அமெரிக்க லெட்டர் அளவுப் பக்கம் 8.5 × 11 அங்குலம். விளிம்புவரை போகும் படத்துக்குச் சுற்றிலும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதல் வேண்டும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 2,625 × 3,375 பிக்சல். அதைவிடச் சிறிதாகத் தொடங்கிப் பின்னால் பெரிதாக்கினால் முகங்கள் கூழாகும். அட்டையில் மேல் மூன்றில் ஒரு பங்கு ஆட்டத்தின் பெயருக்குப் போய்விடும். டிராகன் தலையை அங்கே வைத்தால் எழுத்து அதன் மேல் உட்காரும். இரட்டைப் பக்கப் படத்தில் நடுத் தையலில் முகம் வரக்கூடாது. திரையில் அழகாக ஒளிரும் இருட்டுக் குகை, சிஎம்ஒய்கே (நான்கு மை) அச்சில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அச்சகம் ஏற்கும் மொத்த மை அளவைக் கேட்டு வாங்கி, நிழல்களை ஒரு படி தூக்கிக் கொடுக்க வேண்டும். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தால் சண்டை யார் யாருக்கு என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வண்ணம் காப்பாற்றாது.

போர்ட்ஃபோலியோவில் பத்துப் பன்னிரண்டு படம் போதும். வெள்ளைப் பின்னணியில் முறைத்துக்கொண்டு நிற்கும் ஒற்றை வீரர்கள் எல்லோரிடமும் இருக்கிறார்கள். ஆர்ட் டைரக்டர் தேடுவது இருவர் ஒருவரோடொருவர் ஏதோ செய்யும் காட்சி, வெவ்வேறு வயதும் உடலும் உள்ள முகங்கள், கையும் காலும் மறைக்கப்படாத உருவங்கள், ஒரே பாத்திரம் இரண்டு படங்களில் அடையாளம் மாறாமல் வருவது. எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறோமோ அதன் வாடை படத்தில் இருக்க வேண்டும். வேன் ரேனால்ட்ஸ் வரைந்து நிலைநிறுத்திய பாத்ஃபைண்டர் தோற்றத்தில் பட்டையும் பையும் கொக்கியும் நிறைந்திருக்கும். அதை 1920களின் திகில் கதைகளில் ஓடும் கால் ஆஃப் க்துல்ஹுவுக்கு அனுப்பிப் பயனில்லை.

உரிமை விஷயத்தில் இந்த வழிதான் நான்கிலும் மிகக் கறாரானது. அமெரிக்க ஒப்பந்தங்களில் ‘ஒர்க் ஃபார் ஹயர்’ என்ற சொல் வந்தால், சட்டத்தின் பார்வையில் அந்தப் படத்தை ஆக்கியவரே கம்பெனிதான். ‘அனைத்து உரிமைகளும் மாற்றப்படுகின்றன’ என்று மட்டும் இருந்தால் அது வேறு. 35 ஆண்டு கழித்து அமெரிக்க உரிமையைத் திரும்பக் கேட்கச் சட்டம் வாய்ப்புத் தருகிறது, ஒர்க் ஃபார் ஹயரில் அந்த வாய்ப்பே இல்லை. பெரிய உலகங்களை வைத்திருக்கும் கம்பெனிகள் இதில் வளையமாட்டார்கள். அவர்களுடைய பாத்திரத்தை வரைகிறோம் என்பதால் அது புரிந்துகொள்ளக் கூடியதும்கூட. ஆனால் 80 டாலர் கொடுக்கும் சிறு பதிப்பாளரும் அதே வாசகத்தை எங்கிருந்தோ நகலெடுத்து அனுப்புவார். அங்கே மறுக்கலாம், மறுக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை: புத்தகத்தில் பெயர், வெளியானபின் போர்ட்ஃபோலியோவில் காட்டும் அனுமதி, அசல் ஓவியம் நமக்கே, பாதியில் நின்றால் எவ்வளவு (ஸ்கெட்ச் கட்டத்தில் நின்றால் கால் முதல் பாதிவரை, முடிந்த படத்துக்கு முழுப் பணம்). எல்லாவற்றையும்விட, பணம் எப்போது. ‘ஒப்புதலுக்குப் பின் 30 நாள்’ என்றால் சரி. ‘புத்தகம் வெளியான பின்’ என்றால், அச்சகத் தாமதமும் கப்பல் தாமதமும் ஓவியர் தலையில். புத்தகமே வராமல் போனால் பணமும் வராது. முதல்முறை பழகும் சிறு பதிப்பாளரிடம் பாதி முன்பணம் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

உரிமையை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது

சிறு பதிப்பாளர்களில் பலருக்குப் படத்தின் முழு உரிமை தேவையே இல்லை, வாங்கப் பணமும் இல்லை. ஒரு புத்தகம், ஒரு மொழி, இரண்டு ஆண்டு தனியுரிமை என்று எழுதிக்கொடுத்தால் அவருக்குப் போதும். அதன்பின் படம் மறுபடி உங்கள் கடைச் சரக்கு. இந்திய ஒப்பந்தம் என்றால் கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் இந்தப் பாதுகாப்பை நம்பக்கூடாது. எந்த நாட்டுச் சட்டம் என்ற வரி பெரும்பாலும் அவர்கள் ஊரைத்தான் சொல்லும்.

இன்னொரு வடிவம் ஸ்டாக் ஆர்ட்: முன்பே வரைந்து வைத்த படத்தைப் பலருக்கும் விற்பது. மேசை ஆட்டக் கோப்புகள் விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் அதற்கென்றே பகுதி உண்டு. அங்கே மட்டும் விற்பவர்களுக்கு விலையில் 70 விழுக்காடு, வேறு இடத்திலும் விற்பவர்களுக்கு 65. ஆறு டாலர் படத்தில் ஏறக்குறைய நான்கு டாலர் கைக்கு வரும். மேலே சொன்ன 150 டாலர் அரைப் பக்கத்தை எட்ட நாற்பது விற்பனை வேண்டும். ஒரே மாதத்தில் நடக்காது. சில ஆண்டுகளில் நடக்கலாம், அதற்கு மேலும் ஓடலாம். விற்பவை எவை என்பதில்தான் சூட்சுமம். பெயர் சொல்லத்தக்க தனித்த பாத்திரம் விற்காது. பூட்டிய கதவு, எலும்புக்கூடு, கிராமத்து விடுதி, சிதைந்த சிலை, கறுப்பு மையில் ஓரப் படங்கள் என எந்தக் கதையிலும் செருகக்கூடியவை ஓடும். வாங்குபவர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சிடும் சிறு பதிப்பாளர். உரிமப் பக்கம் ஒன்றைத் தெளிவாக எழுதிக் கோப்போடு சேர்த்து வைக்காவிட்டால் கேள்வி மெயிலுக்குப் பதில் எழுதியே அந்த நான்கு டாலர் கரைந்துவிடும்.

இதை முழுநேர வருமானமாக யாருக்கும் சொல்லமாட்டோம். முதல் நூறு படம் சேரும்வரை வருமானம் சில்லறைதான். பதிப்பாளர் வேலைக்கு நடுவே மிஞ்சும் தம்ப்நெயில்கள், பயிற்சிப் படங்கள் வீணாகாமல் இருக்க இது நல்ல வழி.

சொந்தப் புத்தகம்

கண்ணைக் கவரும் வழி இது. ஸ்வீடனின் சைமன் ஸ்டோலன்ஹாக் தன் போக்கில் வரைந்த, இயந்திரங்கள் உலவும் மாற்று 1980களின் கிராமப்புற ஓவியங்கள் முதலில் ஓவிய நூலாகி, 2017இல் ஃப்ரீ லீக் பதிப்பகம் வழியாக டேல்ஸ் ஃப்ரம் த லூப் என்ற ஆட்டமாகி, 2020இல் அமேசானில் தொடராகவும் வந்தன. ஃபேன்டசியைவிட அறிவியல் புனைவு என்றாலும் பாடம் பொருந்தும்: உலகம் அவருடையது, ஆட்டம் அதன் மேல் எழுந்தது. அதே நாட்டின் யோஹான் நோர் இன்னொரு மாதிரி. பெல்லே நில்சன் விதிகளை எழுத, மோர்க் போர்க் ஆட்டத்தின் படமும் பக்க வடிவமைப்பும் நோர் கையில் ஒரே பொருளாக உருகின. 2020இல் வந்த அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தை வாங்கியவர்களில் பலர் விதிகளுக்காக வாங்கவில்லை.

இருவருக்கும் பொதுவானதைக் கவனிக்கலாம். விதிகளையோ பதிப்பையோ சுமக்க வேறொருவர் இருந்தார். ஓவியர் தனியாகத் திரட்டுநிதியில் இறங்கினால் நிலைமை வேறு. 20,000 டாலர் திரண்டது என்று வைத்துக்கொண்டால், திரட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 விழுக்காடு, பணப் பரிமாற்றக் கட்டணம் 3 விழுக்காடும் ஒவ்வொரு நிதி வாக்குறுதிக்கும் கொஞ்சம் சில்லறையும். வங்கி அட்டை மறுக்கப்பட்டவர்கள் போக, கைக்கு 18,000 சொச்சம் வரலாம். அதில் விதி எழுத்தாளர், எடிட்டர், அச்சு, கிடங்கு, தபால். ஓவியர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கூலி கடைசி வரியில் வரும், அந்த வரியில் பல நேரம் ஒன்றும் இருக்காது. தபால் செலவைப் பிரசாரத்தின்போதே வசூலித்தவர்கள் 2021இல் கப்பல் கட்டணம் ஏறியபோது பட்ட பாடு இந்தத் துறை முழுக்கத் தெரியும். புத்தகம் தயாரானபின், அனுப்பும் சமயத்தில் தபாலைத் தனியாக வசூலிப்பதுதான் இப்போது விவேகமானவர்கள் செய்வது. பொம்மை, பகடை, துணி வரைபடம் என்று ‘கூடுதல் பரிசு’ அறிவிப்பது இன்னொரு குழி. ஒவ்வொன்றும் தனி உற்பத்தியாளர், தனித் தாமதம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ வசிப்பவர்களுக்கு ஒரு தடையும் உண்டு: கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கும் நாடுகளில் இவை இல்லை. சிங்கப்பூர் உண்டு. இங்கிருந்து போக வேண்டுமானால் அனுமதியுள்ள நாட்டில் இருக்கும் பதிப்பாளரோடு எழுத்து ஒப்பந்தத்தில் சேர வேண்டும். நண்பரின் பெயரில் கணக்குத் திறந்து பணத்தைப் பின்னால் பிரித்துக்கொள்வது வரிக் கணக்கில் இருவரையும் மாட்டிவிடும். ரசிகர்கள் மாதம் ஒரு தொகை கட்டும் பேட்ரியன் தளத்தில் சந்தா இங்கிருந்தும் நடத்தலாம். ஆனால் அது மாதாமாதம் தவறாமல் வரைபடமோ சீட்டுத் தொகுப்போ தரும் வேலை. ஆட்டம் நடத்துபவர்கள் சந்தா கட்டுவது அடுத்த வாரம் மேசையில் விரிக்கப் பயன்படும் பொருளுக்கு. வெறும் அழகான படத்துக்கு அவர்கள் கட்டுவது குறைவு.

எண்ணெய் வண்ணமா, திரையா

இது நான்கு வழிகளையும் குறுக்கே வெட்டும் கேள்வி. திரையில் வரைந்தால் வேகம், திருத்தம் எளிது, தபால் இல்லை. விதிநூல் கட்டணத்தில் வேறு எதுவும் கட்டாது. ஆனால் விற்க அசல் என்று ஒன்று இருக்காது. மேஜிக் சீட்டு ஓவியர்களில் பலர் இன்னும் தூரிகையை விடாததற்குக் காரணம் ஏக்கம் மட்டும் இல்லை. பதிப்புரிமை கம்பெனிக்குப் போனாலும் கையால் தீட்டிய பலகை ஓவியருடையது, சேகரிப்பாளர்கள் அதற்குக் கட்டணத்தைவிட அதிகம் கொடுப்பார்கள். நடுவழியும் உண்டு: வடிவமும் வெளிச்சமும் திரையில் முடித்து, ஒப்புதல் வாங்கி, தாளில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, அதன்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டுவது. திருத்தம் முழுக்கத் திரைக் கட்டத்தில் முடிந்துவிடும். காயும் நாட்களை மட்டும் கெடுவில் கழித்து வைக்க வேண்டும். அசலை வாங்கும் கூட்டம் பெரும்பாலும் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் இலக்ஸ்கான் போன்ற கூடுகைகளில் இருப்பதால், இங்கிருந்து இதை நம்பி முதலீடு செய்வதற்கு முன் அனுப்பும் செலவைப் பார்க்கவும்.

எது யாருக்கு

வீட்டுச் செலவு தலையில் இருந்தால், கை இன்னும் வேகம் பிடிக்காவிட்டால், இரண்டு மூன்று ஆண்டு ஸ்டுடியோ. ஒப்பந்தத்தில் வீட்டு ஓவியங்கள் உங்களுடையவை என்ற வரியோடு. ஆறு மாதச் செலவு கையிருப்பு இருந்தால் பதிப்பாளர் வேலை. முதல் ஆண்டில் கால் பக்கங்களையும் பொருள் படங்களையும் துரத்துங்கள், அட்டை தானாக வரும். அந்த வேலைக்கு நடுவே மாதம் இரண்டு மூன்று படம் உரிமத்துக்கென்று ஒதுக்குங்கள். சொந்தப் புத்தகத்தை ஐந்தாறு விதிநூல்களில் வேலை செய்து, அச்சும் கெடுவும் எப்படி உடைகின்றன என்று பார்த்தபின் தொடுங்கள். முதல் அடியாக அதைச் செய்ய வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் இந்தக் கணக்கை மாற்றிவிட்டனவா? மலிவுச் சந்தையின் அடிமட்டத்தைத் தின்றிருக்கின்றன. பெயருள்ள பதிப்பகங்களோ எதிர்த் திசையில் போயின. 2023இல் பாத்ஃபைண்டரை வெளியிடும் பைசோ அவற்றுக்குத் தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலுக்கு ஓர் ஓவியர் அத்தகைய கருவியைப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்ததும் விசார்ட்ஸ் தன் விதிகளை இறுக்கியது. டிரைவ்த்ரூஆர்பிஜி அவ்வகை ஸ்டாக் ஆர்ட்டை ஏற்பதில்லை. இதனால் ஒப்பந்தங்களில் ‘இப்படிப்பட்ட கருவி எதையும் பயன்படுத்தவில்லை’ என்ற உறுதிமொழி வருகிறது. அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பு, தம்ப்நெயில், ஸ்கெட்ச் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் பேசப்போவது அவைதான்.

கடைசியாகக் காகிதம். வெளிநாட்டுப் பதிப்பாளருக்கு வரைவது சேவை ஏற்றுமதி. ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், எல்யூடி என்ற உறுதிக் கடிதம் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். அந்த எல்யூடியை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள், நீங்கள் வெளிநாட்டவர் என்று சான்றளிக்கும் டபிள்யூ-8பென் வரிப் படிவம் கேட்கும். இந்தியாவில் உட்கார்ந்து வரைந்ததற்கான கூலியில் அங்கே வரிப் பிடித்தம் கூடாது. ராயல்டி, உரிமக் கட்டணம் என்றால் படிவத்தில் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் பிடித்தம் 15 விழுக்காடு, குறிப்பிடாவிட்டால் 30. கூலியா ராயல்டியா என்பதைப் பில்லில் தெளிவாக எழுதுங்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு முடிவில் படிவம் காலாவதியாகும். நினைவூட்டல் பெரும்பாலும் வராது, குறைந்த தொகைதான் வரும்.